அஞ்சலீனாவின் இரண்டாவது அனுமதிப்பத்திரம்

அஞ்சலீனா ரொறன்ரோவில் தொழில்வழிச் சிகிச்சையாளராக வேலை பார்த்தவள். பாரிசவாதம் வந்து ஒரு கை விழுந்துபோனவர்களை மறுபடி சட்டைப் பொத்தான் போடவும், கரண்டி பிடிக்கவும், தனியே குளிக்கவும் பழக்குவது அவளுடைய தொழில். மன்னாரில் பிறந்து, கொழும்பில் படித்து, ஒன்ராறியோவில் மறுபடியும் பரீட்சை எழுதித்தான் அந்தத் தொழிலுக்கான அனுமதிப்பத்திரத்தை வாங்கியிருந்தாள்.

1995இல் அவள் கணவன் அருமைநாதனுக்கு மொன்றியலுக்கு அருகே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பல்கலைக்கழக விவசாய வளாகத்தில் ஆய்வுகூட வேலை கிடைத்தது. குடும்பம் பிரெஞ்சு பேசும் மொன்றியலுக்கு வந்தது.

"ஒரே நாடுதானே? அங்கை தந்தது இஞ்சையும் செல்லும்தானே?" என்றான் அருமைநாதன்.

"இல்லையப்பா. மாகாணம் மாறினால் எல்லாம் புதுசா எழுதவேணும். இஞ்சை பிரெஞ்சுப் பரீட்சையும் பாஸ் பண்ணவேணும்."

படிப்புச் சான்றிதழ்களை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்குத் தற்காலிக அனுமதியும் தந்தார்கள். கோட்-டெ-நெய்ஜ் பக்கத்து மறுவாழ்வு மருத்துவமனை ஒன்றில் வேலையும் கிடைத்தது. பிரெஞ்சுதான் வரவில்லை. இரண்டாம் வகுப்புப் படித்த மகள் ஷெரோன், அம்மா மேசையில் உரக்க வாசிப்பதைக் கேட்டு, "அம்மா, நீங்கள் தமிழிலை பிரெஞ்சு கதைக்கிறியள்," என்று சிரிப்பாள். அஞ்சலீனாவும் சிரிப்பாள். முதல் பரீட்சையில் தவறியபோது மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தெட்டு வயதில், பதினைந்து வருடம் செய்த தொழிலில், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாள். தற்காலிக அனுமதியை இன்னும் ஒரு வருடம் நீடித்தார்கள்.

ரொறன்ரோவில் அவள் நிறையக் கதைப்பாள். நோயாளி முகம் வாடினால் உடனே ஆறுதல் சொல்வாள், பகிடி விடுவாள். இங்கே அதற்கெல்லாம் சொற்கள் இல்லை. கடினமான செய்திகளைச் சொல்லவேண்டி வந்தால் உடன் வேலை செய்யும் செலீனைக் கூப்பிடுவாள். செலீன் இந்த ஊர்க்காரி. முகம் சுளிக்காமல் வருவாள்.

1997 மார்ச்சில் த்ரம்ப்ளே என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதி அவளுடைய பொறுப்பில் இருந்தார். வலக்கை வலக்கால் விழுந்திருந்தன. பேச்சும் பாதி போயிருந்தது. ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்க அவருக்கு ஒரு நிமிடம் எடுக்கும். வீட்டுக்கு அனுப்புமுன் வீட்டைப் பார்க்கவேண்டும் என்பது நடைமுறை. அன்று செலீனுக்குக் காய்ச்சல். அஞ்சலீனா தனியாகவே அவரை அழைத்துப் போனாள்.

வீடு இரண்டாம் மாடியில். மொன்றியல் வீடுகளுக்கே உரிய வெளிப்புற இரும்புப் படி, பனி உறைந்து கிடந்தது. கைபிடி ஒரு பக்கம் மட்டும். ஏறும்போது அது அவருடைய நல்ல கைப்பக்கம். நான்கு படி ஏறினார். இறங்கத் திரும்பியபோது கைபிடி விழுந்த கைப்பக்கம் வந்தது. அவர் தடுமாற, அவள் அவருடைய இடுப்பில் கட்டியிருந்த பட்டியை இறுக்கிப் பிடித்து இறக்கினாள். இன்னொரு கைபிடி போட அந்தக் குறுகிய படியில் இடமில்லை.

பக்கத்தில், தெப்பனர் என்று இங்கே சொல்லும் சின்னப் பலசரக்குக் கடைக்குள் ஒரு நாற்காலியில் அவரை இருத்திவிட்டு, எதிரே நின்று பிரெஞ்சில் சொன்னாள்:

"மொஸ்யூ, நீங்கள் ஏறலாம். இறங்க முடியாது. விழுவீர்கள். இந்த வீடு... முடியாது."

அவருடைய கண்கள் நிறைந்தன. ஏதாவது சொல்லவேண்டும் என்று அவளுக்குப் பதறியது. ஆனால் சொல்ல ஒன்றும் வரவில்லை. நின்றாள். கடைக்காரர் பத்திரிகைக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து த்ரம்ப்ளே இடக்கையால் கண்ணாடிக்கு வெளியே காட்டினார்.

"வீடு... வேண்டாம்," என்றார். பிறகு, "தெரு. இந்தத் தெரு."

கடைக்காரர் நிமிர்ந்தார். "முப்பது வருசமாக் காலையிலே இங்கேதான் பேப்பர் வாசிப்பார்," என்றார்.

அஞ்சலீனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் வீட்டை இழப்பதற்காக அழுகிறார் என்றே அவள் நினைத்திருந்தாள். ஆறுதல் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த நினைப்போடேயே ஆறுதலும் சொல்லியிருப்பாள். அவரும் தெருவைப் பற்றிச் சொல்லாமலே தலையாட்டியிருப்பார்.

அறிக்கையில் இப்படி எழுதினாள்: மாடி வீடு பொருந்தாது, அதே தெருவில் கீழ்த்தள வீடு வேண்டும். பராமரிப்பு இல்லமே நல்லது என்று மருத்துவமனைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது, தடக்கித் தடக்கிப் பிரெஞ்சில் வாதாடினாள். வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து ஊர் முழுவதும் வீடு மாறும் ஜூலை முதலாம் திகதி, இரண்டு வாசல் தள்ளி ஒரு கீழ்த்தள வீட்டுக்கு த்ரம்ப்ளே போய்ச் சேர்ந்தார்.

அதற்கு மூன்று வாரம் முன்பு அவள் இரண்டாம் தடவை பரீட்சைக்குப் போயிருந்தாள். தொழிலில் நடந்த ஒன்றைச் சொல்லும்படி கேட்டார்கள். படியைப் பற்றிச் சொன்னாள். நடுவே ஒரு சொல் அகப்படவில்லை. முன்பென்றால் மன்னிப்புக் கேட்டிருப்பாள், இம்முறை தேடினாள். எதிரே இருந்த பெண் காத்திருந்தாள். சொல் வந்தது.

ஆகஸ்டில் நிரந்தர அனுமதிப்பத்திரம் தபாலில் வந்தது. அருமைநாதன் கேக் வாங்கி வந்தான்.

"இனியென்ன, பயமில்லாமல் கதைக்கலாம்," என்றான்.

"ஓம்," என்றாள் அவள். "ஆனால் ரொறன்ரோவிலை இருந்தபோது எத்தினை பேருக்கு நான் கதைக்க இடம் குடுக்கேல்லையோ தெரியேல்லை."

அவன் கேக்கை வெட்டினான். ஷெரோன் அனுமதிப்பத்திரத்தோடு வந்த கடிதத்தை எடுத்து, தன் பள்ளிக்கூடப் பிரெஞ்சில், முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.