செல்ஃப் எடுக்காத வண்டி

பக்கவாதம் வந்த பிறகு என் கணவரின் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். "இல்ல."

பசிக்கிறதா என்று கேட்டால் "இல்ல" என்பார், ஊட்டினால் சாப்பிடுவார். வலிக்கிறதா என்றால் "இல்ல" என்பார், கண்ணில் நீர் வழிந்துகொண்டிருக்கும். எங்கள் வீடு அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை மேலேயே இருக்கிறது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் வாசலில் நின்று, "ஐயா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்பார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவர் "இல்ல" என்பார். பக்கத்திலேயே குடம் நிறையத் தண்ணீர் இருக்கும். அவர்கள் அந்தக் குடத்தையும் இவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் சொம்போடு ஓடி வருவதற்குள் கூட்டத்தில் யார் கேட்டார்கள் என்றே தெரியாது.

அவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். சொந்த வண்டி, டீசல் வண்டி, வாங்கும்போதே பழசு. கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று எல்லாவற்றுக்கும் அதுதான். ரிப்பேர் என்றால் வெளியே விடமாட்டார். அவரே அடியில் படுத்துப் பார்ப்பார். அவர் விழுந்த நாளிலிருந்து வண்டி வீட்டுப் பக்கவாட்டில் புங்க மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. எனக்கு ஓட்டத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை எனக்கு. காலையில் அரிசி, பருப்பு, முட்டை, பிறகு வீடு, பிறகு அவர். ஓட்டக் கற்றுக்கொள்ளும் எண்ணமே வரவில்லை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். வேர்க்கடலை மூட்டை ஏற்ற வண்டி தேடிக்கொண்டிருந்தார். புது பேட்டரி போட்டுத்தான் வைத்திருந்தேன். சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்பினார். மறுபடி 'டக்'.

"செல்ஃப் மோட்டார் போயிடுச்சும்மா. தள்ளி ஸ்டார்ட் பண்ற வண்டி எனக்கு வேணாம். வேலூர்ல ஒரு வண்டி சொல்லியிருக்காங்க. பௌர்ணமி மறுநாள் வரேன். செல்ஃப் எடுத்தா இதையே எடுத்துக்கறேன். இல்லன்னா அதுதான்" என்றார்.

அவர் போன பிறகு என் கணவரின் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். "ஏங்க, வண்டிய குடுத்துடலாம்னு இருக்கேன். நின்னு நின்னு துருப்புடிக்குது. குடுத்துடலாமா?"

"இல்ல" என்றார்.

அது வேண்டாம் என்பதா, சரி என்பதா, எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்ததா என்பதும் தெரியாது.

மெக்கானிக் தம்பி ஒருவர் ரீகண்டிஷன் செய்த மோட்டாரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மாட்ட வருகிறேன் என்றவர் வரவில்லை. போன் செய்தால், "அக்கா, பௌர்ணமி முடியட்டும்க்கா. ரோடெல்லாம் அடைச்சிட்டாங்க. நம்ம கடையில வண்டி ஜாஸ்தி நிக்குது" என்றார். பௌர்ணமி முடிந்தால் கீழ்பென்னாத்தூர்காரர் வேலூர் போய்விடுவார்.

பௌர்ணமி சனிக்கிழமை வந்தது. அன்று காலையில் கணவரின் பழைய சட்டையைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டேன். போனில் ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தேன். பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும், மோட்டாரில் இருக்கும் தடித்த வயரையும் மெல்லிய வயரையும் கழற்ற வேண்டும், இரண்டு போல்ட்டை எடுத்தால் மோட்டார் கையோடு வரும். வீடியோவில் அவ்வளவுதான். இன்னொரு காரணமும் இருந்தது. பேச்சுப் பயிற்சி சொல்லித் தரும் பெண், "பழகின வேலைய அவர் கண்ணெதிர்ல செய்ங்க. சில பேருக்கு வார்த்தை தானா வரும்" என்று சொல்லியிருந்தாள். இத்தனை மாதமாகப் படம் காட்டியும் வராத வார்த்தை ஒரு ஸ்பேனரைப் பார்த்து வந்துவிடும் என்று நான் முழுசாக நம்பவில்லை. ஆனாலும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் வண்டிக்கு எதிரில் நிறுத்தினேன்.

சக்கரங்களுக்குக் கல் அடை கொடுத்தேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். அப்புறம் ஒரு சந்தேகம். ஒருவேளை இன்று எடுத்துவிட்டால்? வயரை மறுபடி மாட்டி, சாவியைத் திருப்பிப் பார்த்தேன். 'டக்'. அவ்வளவுதான். கோணியை விரித்து அடியில் நுழைந்தேன்.

மோட்டார் இன்ஜினுக்குப் பக்கத்தில், கீழே, எண்ணெயும் மண்ணும் அப்பிக் கிடந்தது. ஸ்பேனரை எடுத்துத் தடித்த வயரின் நட்டில் வைத்தேன்.

"இல்ல!" என்றார் அவர்.

"இருங்க, பாத்துக்கறேன்."

"இல்ல! இல்ல! இல்ல!" கத்தினார். நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் அறைந்தார். வண்டியைத் தொடாதே என்கிறார், விற்கப்போவது புரிந்துவிட்டது, அதனால்தான் கத்துகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் ஸ்பேனரைத் திருப்பினேன். அதன் மறுமுனை வண்டியின் இரும்பில் பட்டது.

பட்டென்று ஒரு வெளிச்சம். ஸ்பேனர் கையிலிருந்து தெறித்துப் போனது. முடி கருகிய நாற்றம். மூச்சு திரும்பி வந்தபோதுதான் பேட்டரி வயரைத் திரும்பக் கழற்ற மறந்தது ஞாபகம் வந்தது. ஊர்ந்து வெளியே வந்து அவரைப் பார்த்தேன். அவர் விரல் பேட்டரி இருந்த பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. நான் நட்டில் ஸ்பேனரை வைத்த நொடியிலிருந்தே காட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நான் வாயைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றினேன். அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் தலையை வெளியே நீட்டி அவர் கையைப் பார்த்தேன். விரல் கீழ்நோக்கிச் சுற்றினால் கீழ் போல்ட். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நிறுத்து. வாய் மட்டும் எல்லாவற்றுக்கும் இல்ல, இல்ல என்றது. வயர்கள் வந்தன. கீழ் போல்ட் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி வந்தது. மேல் போல்ட் வரவில்லை. அது கண்ணுக்கே தெரியாத இடத்தில், இன்ஜின் மறைவில் இருந்தது. கையை நுழைத்தால் முழங்கை சிராய்த்தது. ஸ்பேனர் நழுவிக்கொண்டே இருந்தது. வெயில் ஏறிவிட்டது. வெளியே பாதையில் ஜனங்கள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள், அவர்களுடைய வெறுங்கால்கள் வேலி இடுக்கில் தெரிந்தன. அங்கேயே படுத்து அழுதேன். சத்தம் வராமல்தான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

தொப்பென்று ஏதோ விழுந்தது. திரும்பினால் அவர் தரையில் கிடந்தார். நாற்காலியிலிருந்து தானாகவே சரிந்து இறங்கியிருக்கிறார்.

"அய்யோ, இன்னா பண்றீங்க!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. இடது கையை ஊன்றி, செத்த காலை இழுத்துக்கொண்டு மண்ணில் நகர்ந்து வந்தார். தூக்கப் போனேன், தள்ளிவிட்டார். வண்டிக்கு அடியில் தலையை நுழைத்து என் பக்கத்தில் மல்லாந்தார். இடது கையை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். எதையோ தடவினார். பிறகு ஸ்பேனருக்காக விரலை விரித்தார். கொடுத்தேன். அது போய் உட்கார்ந்த சத்தம் எனக்கே கேட்டது. அழுத்திப் பார்த்தார், முகமெல்லாம் சிவந்தது, போல்ட் அசையவில்லை. அந்த உடம்பில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. என் கையைப் பிடித்து ஸ்பேனர் மேல் வைத்தார். அவர் அது நழுவாமல் பிடித்துக்கொள்ள, நான் காலை உதைத்து இழுத்தேன். கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது.

பழைய மோட்டார் என் நெஞ்சு மேலேயே விழுந்தது. புதியதை மாட்டியதும் அப்படித்தான், இரண்டு பேரும் படுத்தபடி, ஒரு ஆள் மாதிரி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வேலை செய்யும்போது நான் அவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை. எல்லாவற்றையும் இறுக்கி முடித்தபோது ஏதாவது சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"இல்ல" என்றார்.

பாதையோரம் இளநீர்க் கடை போட்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன் வந்து அவரைத் தூக்கினார். நாற்காலியில் வைக்கப்போனால் இவர் டிரைவர் சீட்டைக் காட்டினார். அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏத்துங்க அண்ணா" என்றேன். ஏற்றினோம். பேட்டரி வயரை மறுபடி மாட்டினேன். வலது கை மடியில் கிடந்தது. இடது கையை ஸ்டியரிங்குக்குக் குறுக்கே நீட்டிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எடுத்தது. வண்டி மொத்தமும் குலுங்கியது, புங்க இலைகள் மேலே உதிர்ந்தன.

"எடுத்துச்சுப்பா!" என்று அண்ணன் கை தட்டினார்.

என் கணவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் சுவர்தான். பிறகு குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். இடது கையால் அந்தத் தொடையைத் தூக்கி பிரேக் மேல் வைத்தார். அது வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சற்று நேரத்தில் இன்ஜின் சத்தம் நின்றது. அவரே அணைத்திருந்தார். இறக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினார்.

கீழ்பென்னாத்தூர்காரர் சொன்னபடி வந்தார். சாவியைத் திருப்பிப் பார்த்தார், திருப்தி. "யாரு மாட்டினது?" என்றார். "வீட்லயேதான்" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை, டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வாசலைத் தாண்டும்போது என் கணவர் உள்ளறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எழுப்பினேன். எழவில்லை.

அதோடு பயிற்சியையும் விட்டுவிட்டார். பேச்சுப் பயிற்சிப் பெண் படத்தைக் காட்டினால் கண்ணை மூடிக்கொள்வார். கால் பயிற்சிக்கு ஆட்டோ வந்து நின்றால் ஏறமாட்டார். வேங்கிக்காலில் அவரைப் பார்க்கும் டாக்டர், "இனிமே பெருசா எதிர்பாக்காதீங்கம்மா" என்றார்.

போன வாரம் வண்டி வாங்கியவர் போன் செய்தார். "செல்ஃப் சூப்பரா எடுக்குதும்மா. ரெண்டாவது கியர்தான் சிக்குது. சார் எப்படிப் போடுவாருன்னு கொஞ்சம் கேட்டு சொல்லுங்களேன்."

போனை அவர் காதில் வைத்தேன். கேட்டார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ஆனால் இடது கை மெத்தையிலிருந்து எழுந்தது. காற்றில் எதையோ பிடித்தது, லேசாகத் தன் பக்கம் சாய்த்தது, கொஞ்சம் நிறுத்தி வைத்தது, அப்புறம் கீழே இழுத்தது. இன்னொரு முறை நிதானமாகச் செய்து காட்டினார்.

"ஹலோ? ஹலோ? சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

நான் அதை வாங்கினேன். சாய்த்ததை எப்படிச் சொல்வது, நிறுத்தியதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

"அவருக்குத் தெரியலையாம்ங்க" என்று சொல்லிவிட்டேன்.