தம்பி பேரில் வாங்கிய ஆடு

பக்ரீதுக்கு முதல் நாள் என் தம்பி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்? ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பூந்தமல்லிக்கு, என்னைப் பெற்ற அத்தா வீட்டுக்கு வந்து சேர்ந்து நான் பர்தாவைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"இப்ராஹீம் நபி நெஜமாவே இருந்தாருன்றதுக்கு ஒரு கல்வெட்டு இருக்குதா அத்தா? இத்தனை எடத்துல தோண்டிப் பாத்தாங்க, ஒண்ணும் கெடைக்கல."

அத்தா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன. ஒன்று அவர் பேரில், ஒன்று தம்பி பேரில். கத்தி பாதியில் நின்றது.

"இன்னாடா சொன்ன?"

கனவில் வந்த கட்டளைக்காகப் பெற்ற மகனையே அறுக்கத் துணிந்தவர் அந்த நபி. மகனுக்குப் பதிலாக ஆட்டை அனுப்பினான் இறைவன். அந்த நினைவில்தான் நாங்கள் குர்பானி கொடுக்கிறோம். கொடுக்கிற நேரத்தில் வந்து, ஆளே இல்லை என்றால்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நபிமார்கள் அத்தனை பேரையும் நம்புவது ஈமானில், எங்கள் மார்க்க நம்பிக்கையில், ஒரு பகுதி. ஒருவரை மறுத்தால் எல்லோரையும் மறுத்ததுதான். வேதம் சொன்னதே எங்களுக்குச் சாட்சி; மண்ணுக்குள் என்ன கிடைத்தது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். மதரஸாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் ஓதியவன்தான் இவன்.

"போன்ல எவனோ பேசறதைக் கேட்டுட்டு வந்து ஒளறாதே! ஒவ்வொரு தொழுகையிலயும் அவர் பேரைச் சொல்லி சலவாத் ஓதறியே, அவர் யாருடா, பக்கத்து ஊட்டுக்காரரா?" என்று கத்தினேன்.

வழக்கமாக என்னிடம் மல்லுக்கு நிற்பவன், தலையைக் குனிந்துகொண்டான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அத்தா குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்கு உன் பேரைச் சொல்லித்தான் அந்த ஆட்டை அறுக்கணும். நம்பாதவன் பேரைச் சொல்ல என்னால ஆவாது. யோசிச்சு சொல்லு. இல்லேன்னா பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிக்கினு கெளம்பு. அப்புறம் இந்த ஊட்டுப் படி ஏறாதே."

அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அம்மா அழுதுகொண்டே மசாலா அரைத்தாள். தம்பி தன் குழந்தையைத் தோளைவிட்டு இறக்கவில்லை. குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்த பிள்ளை அது.

மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்து இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் வந்தார்கள். அத்தா தன் ஆட்டை அறுத்து முடித்தார். அடுத்ததை மக்கா இருக்கும் கிப்லா பக்கம் பார்த்துப் படுக்க வைத்தார்கள். காலைப் பிடிக்க வேண்டிய தம்பி குழந்தையோடு வாசல்படியில் நின்றான். ஆட்டின் கண்ணில் படாமல் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அத்தா அவனைப் பார்த்தார்.

"சொல்லுடா. உன் பேரைச் சொல்லட்டா, வேணாமா?"

யா அல்லாஹ், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைய மாட்டானா!

"அவர் இருந்தாருன்னா, பெத்த புள்ள கழுத்துல கத்தி வெச்சதும் நெஜம்தானே அத்தா?" தம்பி குழந்தையை இறுக்கிக்கொண்டான். "இவன் அந்தப் பொட்டிக்குள்ள கெடந்தான் பாருங்க, அப்போலேருந்து என்னால அதை நெனைக்கவே முடியல. அப்படி ஒருத்தர் இல்லாமலே இருந்துட்டா நல்லா இருக்கும்னு தோணுது."

அடப்பாவி! இதற்காகவா கல்வெட்டு, தோண்டல் என்றெல்லாம் பேசினாய்?

அத்தா எல்லோரும் கேட்கவே சொன்னார்.

"அவர் இருந்தாருடா. அல்லா சொல்லிட்டான், எனக்கு அது போதும். ஆனா அவர் நபி. அந்தக் கனவு எனக்கு வந்திருந்தா, உன்னைத் தூக்கிக்கினு எங்கனா ஓடிப் போயிருப்பேன். அல்லா என்னை மன்னிக்கட்டும்."

தம்பி குழந்தையை என் கையில் கொடுத்தான். இறங்கிப் போய் ஆட்டின் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டான்.

"என் பேரைச் சொல்லுங்கத்தா" என்றான்.