பீதர் பஸ் மியாப்பூரில் நிற்குமா?

முதுகுப்பையோடு வருகிறவர்களுக்கு வழி சொல்லிப் பிழைப்பவர்களுக்கு இது புரியும்: அவர்கள் நம்மிடம் கேட்பார்கள், பிறகு நம்மைத் தவிர எல்லோரையும் நம்புவார்கள்.

பழைய வலைப்பதிவு

இது நான் நேரில் பார்த்ததல்ல. கொண்டாப்பூரில் பயணிகள் தங்கும் எங்கள் ஹாஸ்டலில் காலை ஷிஃப்ட் பார்க்கும் ஸ்ரவந்தி சொன்னது. போலந்துக்காரர் ஒருவர், ஏதோ பழைய வலைப்பதிவில் படித்த கஃபேயைத் தேடிக் கிளம்பினாராம். "அதை மூடி ரொம்ப நாளாச்சு" என்று இவள் சொல்லியும் ஆட்டோ பிடித்துவிட்டார். மதியம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஆனால் சந்தோஷமாகத் திரும்பினார். "கஃபே இல்லை, அங்கே பல் டாக்டர் இருந்தார். கோவாவிலிருந்தே வலித்துக்கொண்டிருந்தது!"

மேடத்தின் விதி

எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். அப்பா தினமும் போனில், "வேலை நிரந்தரம் ஆயிடுச்சாம்மா?" என்பார். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். மேனேஜர் சுஜாதா மேடம் பரம்பரையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "கெஸ்ட் கேட்டா 'தெரியாது' மட்டும் நக்கோம்மா, சொல்லவே கூடாது. அப்புறம் ரிசப்ஷன் மேஜைக்கு ஆள் எதுக்கு?"

ஆளுக்கொரு பஸ் நிலையம்

மூன்று மாதம் முடியப்போகிற வாரம். முதல்முறை தனியாகப் பயணம் வந்திருந்த திருச்சிப் பெண் கயல், மறுநாள் பீதர் கோட்டைக்குப் போக வேண்டும் என்றாள். ஹாலில் இருந்தவர்களில் ஒருவர் ஆப்பைக் காட்டினார், ஒருவர் வாட்ஸ்அப் குழுவை, இன்னொருவர் யூடியூபை. ஆளுக்கொரு பஸ் நிலையம். சத்தியம் செய்யாத குறைதான். அவள் என்னிடம் வந்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. தப்பான இடத்துல நின்னா அழுதுடுவேன்."

மேடம் பக்கத்திலேயே நின்றார். "எனக்குத் தெரியாதும்மா, கேட்டுச் சொல்றேன்" என்றேன். மேடம் அப்படியே உள்ளே போனார். திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஷிஃப்ட் முடிந்ததும், பீதர் பஸ்கள் போகும் மியாப்பூர் மெயின் ரோட்டுக்குப் போய், வந்து நின்ற பீதர் பஸ்ஸின் கண்டக்டரையே கேட்டேன். சிரித்தார். "ஹவ், ஆமா, காலையிலயும் இங்கேயே நிக்கும். ஏறுறதுக்கு சிட்டிக்குள்ள கைக்கு போறீங்க, எதுக்கு அந்த அலைச்சல்?" அன்று ராத்திரியே கயலிடம் சொல்லிவிட்டேன்.

பீதரிலிருந்து

மறுநாள் மதியம், கோட்டை வாசலில் எடுத்த படம் ஹாஸ்டல் போனுக்கு வந்தது. கீழே, "அக்கா, அழல!" மேடம் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டுல சொல்லிடும்மா, வேலை நிரந்தரம். இனிமே 'தெரியாது'ன்னு சொன்னா, கேட்டுட்டு வந்துதான் தூங்கணும்."

பின்னொரு விடுமுறையில் நானே ஏறிச் சரிபார்த்தேன்: பஸ் மியாப்பூரில் நிற்பது உண்மை, உட்கார இடம் கிடைக்குமா என்பதை மட்டும் நாங்கள் யாரும் கேட்கவில்லை.