சுடுவெள்ளக்காரி சாராள்

செய்தி சிரிப்போடுதான் வந்தது. காலையில் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே மீன்கூடையோடு போன பெண் சுமையை இறக்காமலே நின்று, "எட்டி பிள்ளே, அறிஞ்சியா? உனக்க சுடுவெள்ளக்காரி போயாச்சு" என்றாள். எனக்குப் புரியவில்லை. "சாராளையாக்கும் சொல்லுதேன். நெஞ்சடைச்சு, இருந்த இருப்பில போனாளாம். வெள்ளத்தைச் சுடவச்சுச் சுடவச்சுக் குடிச்சு என்ன கண்டா? பச்ச வெள்ளம் குடிச்ச நாங்க நடக்கியோம், அவ படுத்தாச்சு."

அன்று சாயங்காலத்துக்குள் இதே பேச்சை ஊரில் பலர் வாயில் கேட்டேன். எல்லாருக்கும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. கொதித்த தண்ணீர் நெஞ்சடைப்பைத் தடுக்கும் என்று சாராள் மாமி ஒருநாளும் சொன்னதில்லை. வயிற்றால் போய்ச் சாகவேண்டாம் என்று மட்டுமே சொன்னார். அப்படி அவர் சாகவில்லை. தன் சொல்லைக் காப்பாற்றிவிட்டுத்தான் போனார். ஊராரே, நீங்கள் என்ன காப்பாற்றினீர்கள் என்பதை இனி எழுதுகிறேன்.

உங்களில் சாராள் மாமியைத் தெரியாதவர் இல்லை. பாறசாலையிலிருந்து குளத்தூருக்குத் திரும்பும் முக்கில் ஓலை வேய்ந்த கஞ்சிக்கடை அவருடையது. வண்டிக்காரர், கல் உடைப்பவர், சந்தைக்குப் போகிறவர், எல்லைப் போராட்டக் கமிட்டிக்காரர் எல்லாரும் அங்கே கஞ்சி குடித்தவர்கள். ஆறாம் வகுப்புக்குத் தமிழ் கிடையாது, மலையாள வகுப்பில் போய் உட்கார் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது நான் படிப்பை விட்டேன். பிறகு அந்தக் கடையில்தான் பாத்திரம் கழுவினேன். ஆகவே எல்லைப் போராட்டத்துக்கு நான் விரோதி இல்லை. இந்த ஊர் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். உங்களோடு சேர்ந்து சேர வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன். வார்த்தை வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். "பாவம், அழுகை வந்துட்டு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார். அழுகை இல்லை. அதற்கு முன் பேசியவர்களின் பொய்யைக் கேட்டு வந்த கோபம்.

மாமியின் கடைக்குள் நுழைய ஒரு முறை இருந்தது. வாசலில் ஒரு செம்பில் தண்ணீர் இருக்கும், துளைபோட்டுக் கயிற்றில் கட்டிய சோப்புத் துண்டு தொங்கும். கையைக் கழுவாதவருக்குக் கஞ்சி கிடையாது. சின்னவர் பெரியவர் என்ற பேதம் அவரிடம் இல்லை, எல்லாரையும் ஒரேபோல இளக்காரமாகத்தான் பார்ப்பார். ஒருநாள் துணி வியாபாரி ஒருவர் வெள்ளை வேட்டியோடு நேராக உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கை கழுவல்லியா ஓய்?"

"நான் ஒண்ணையும் தொடல்ல அக்கா. வண்டியில இருந்து எறங்கி நேரா வாறேன்."

"வண்டியில கையை எங்க வச்சிருந்தீரு?"

"மடியிலயாக்கும்."

"மடியில என்ன இருந்துது?"

கடை முழுவதும் சிரித்தது. அவர் முகம் சிவந்து எழுந்தார். மாமி சிரிக்கவில்லை. "வாயும் உமக்கது, வயறும் உமக்கது. பானை எனக்கதாக்கும். கழுவிட்டு வாரும்" என்றார். அவர் கழுவிவிட்டு வந்தார். கஞ்சி அவ்வளவு நன்றாக இருக்கும், அதனால்தான். சுத்தத்தின்மேல் ஆசை வந்து கழுவியவர் உங்களில் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. பலா இலையை மடக்கி ஈர்க்கு குத்திய கரண்டியை ஒருமுறை குடித்ததும் ஆட்டுக்குப் போடுவது அங்கே வழக்கம். அதைத் துடைத்துக் காதில் செருகிக்கொண்டு போய், மறுநாளும் அதோடு வந்து உட்கார்ந்தவர் உங்களில் உண்டு. பெயரை எழுதவில்லை. கூட்டத்தில் முதல் வரிசையில் இருந்தார்.

மாமி சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். தக்காளி இரத்தத்தைக் கெடுக்கும் என்பார். பெண்பிள்ளைகள் மத்தியானம் தூங்கினால் கண் மங்கும் என்பார். வாயில் எப்போதும் புகையிலை இருக்கும். "எங்களைக் கழுவச் சொல்லுதீய, உங்க வாயில என்னதாம்?" என்று ஒரு வண்டிக்காரர் கேட்டபோது, "அது எனக்க வாயாக்கும். நான் உனக்க பானையிலயா துப்புதேன்?" என்றார். அன்பாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கூட்டத்தில் அவரை அன்பே உருவான அன்னை என்றீர்கள். அவரை நேரில் பார்த்தவர் ஒருவர்கூட அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

மழைக்கு முன்னால் சர்க்கார் ஆட்கள் வந்து கடைச்சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், சோற்றை மூடி வைக்க வேண்டும், கை கழுவ வேண்டும் என்று அதில் இருந்தது. எழுத்து மலையாளம். நான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னேன். தான் இத்தனை காலம் கத்தியதை யாரோ அச்சடித்திருக்கிறார்கள் என்பதில் மாமிக்குக் கொஞ்சம் பெருமை. மறுநாளே கமிட்டிச் செயலாளர் ஆட்களோடு வந்தார்.

"சாராளக்கா, இதைக் கிழிக்கணும்."

"என்னத்துக்கு?"

"மலையாளமாக்கும். நம்ம மண்ணில, நம்ம முக்கில."

"ஈ தமிழ் படிச்சிட்டா ஓய் சோத்தில வந்து இருக்கு? நல்லதா எழுதியிருக்கு, கிடக்கட்டும்."

அவர்கள் போனார்கள். ஆனால் மறக்கவில்லை.

பிறகு கமிட்டியின் ஊர்வலம் வந்தது. கடை முக்கில் இருந்ததால் தண்ணீர்ப் பந்தலை மாமியிடமே ஒப்படைத்திருந்தார்கள். முந்தின நாளே சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பெரிய பானையில் மூடி வைத்தோம். நீளக் காம்பு போட்ட சிரட்டை அகப்பையால் நான் கோரி ஊற்றுவது, கையை ஏந்திக் குடிப்பது என்று ஏற்பாடு. காரோடு கிராமத்திலிருந்து வெயிலில் நடந்துவந்த கூட்டம் அப்படியே குடித்தது. செயலாளர் வந்தார். வரிசையில் நிற்க அவருக்குப் பொறுமை இல்லை. அதுவரை கொடிக்கம்பையும் எத்தனையோ பேர் தோளையும் பிடித்த கையில் ஒரு தம்ளரை எடுத்து, மணிக்கட்டு நனையும்வரை பானைக்குள் முக்கினார்.

மாமி பானையை இரண்டு கையாலும் பிடித்து ரோட்டில் கவிழ்த்தார்.

தாகத்தோடு நின்ற அத்தனை பேருக்கும் கோபம் வந்தது. கையை முக்கியவர்மேல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "தலைவரை அவமானப்படுத்திட்டா" என்றார் ஒருவர். "சர்க்காருக்க ஆளு. சொவத்தில நோட்டீஸ் கண்டியளா?" என்றார் இன்னொருவர். "சுட்ட வெள்ளம் மலையாளத்தானுக்கது, நமக்குப் பச்சத் தண்ணி போரும்" என்று சொன்னவரை எனக்குத் தெரியும். அன்று தொடங்கி, காய்ச்சிய தண்ணீர் மலையாளமாகவும் காய்ச்சாத தண்ணீர் தமிழாகவும் ஆனது. இந்த அறிவு உலகத்தில் வேறு எந்த ஊருக்கும் வந்திருக்காது. வீட்டில் வெள்ளம் என்று கேட்டுக் குடிக்கிற நீங்கள் எதிர்ப்பக்கம் 'தமிழ்த் தண்ணீர்ப் பந்தல்' என்று துணி கட்டினீர்கள். எருமை குளிக்கும் குளத்திலிருந்து தண்ணீர் வந்தது. மாமி கடைக்கு ஒருவரும் போகக்கூடாது என்று கட்டுப்பாடும் போட்டீர்கள்.

என் அப்பா கமிட்டித் தொண்டர். அவர் என்னையும் போகவிடவில்லை. மாமி தனியாக அடுப்பு மூட்டி, கஞ்சி வைத்து, யாரும் வராமல் சாயங்காலம் ஆட்டுக்கு ஊற்றினார். அந்தக் கடை இல்லாமல் அவருக்குப் பிழைப்பு இல்லை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இருந்த ஒரே தம்பி அம்பூரியில் ரப்பர் பால் வெட்டுகிறவர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தீர்கள்.

மழை பிடித்ததும் தமிழ்த் தண்ணீர் வேலையைக் காட்டியது. வாந்தியும் பேதியுமாக வீட்டுக்கு வீடு விழுந்தார்கள். அப்பாவும் விழுந்தார். கண் உள்ளே போய், கை சில்லிட்டுக் கிடந்தார். நானும் அம்மாவும் கமிட்டிக்காரர் வீடுகளுக்கு ஓடினோம். ஒருவரும் எங்கள் வேலியைத் தாண்டவில்லை. மாமி அழைக்காமலே வந்தார்.

"மாமி, அப்பா ஏசுவாரு" என்றேன்.

"ஏசட்டும். ஏசதுக்குச் சீவன் வேணும் இல்லியா?"

உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்பா வாயில் விட்டார். அப்பா முகத்தைத் திருப்பி, "கமிட்டி அறிஞ்சா..." என்று முனகினார். "கமிட்டிக்க வயறா இது? வாயைத் திற" என்றார் மாமி. நனைந்த துணிகளைச் சாம்பல் போட்டு அவித்தார். முற்றத்தில் சுண்ணாம்பு தூவினார். எங்களை மணிக்கொருதரம் கை கழுவ வைத்தார். அப்பா பிழைத்தார். கல் உடைக்கும் தொழிலாளி ஒருவர் பிழைக்கவில்லை. அவரை மொழிக்காக உயிர்விட்ட தியாகி என்று செயலாளர் பேசினார். "மொழிக்கு வேண்டிச் செத்தானாம். எருமை குளிச்ச வெள்ளத்தைக் குடிச்சுச் செத்தான்" என்று மாமி எங்கள் முற்றத்தில் நின்று சொன்னார். அப்பா அதைப் பாயில் கிடந்தபடி கேட்டார்.

பேசவேண்டிய இடத்தில் அப்பா மாமியின் பேரைச் சொல்லவில்லை. எப்படிப் பிழைத்தீர் என்று கேட்டவர்களிடம், "எனக்க தேகம் உறுதி, அதாக்கும் காரியம்" என்றார். அடுத்த ஊர்வலத்துக்கும் புறப்பட்டார். குடிப்பது எங்கே என்று நான் கேட்டதற்கு, "நம்ம பந்தல் உண்டு இல்லியா?" என்றார். அதை நான் மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமி வாயிலிருந்த புகையிலையைத் துப்பினார். "இவனுவளுக்கு அறிவு வரப்போறதில்ல. நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாறேன்" என்று எழுந்தார்.

வாசகசாலை முற்றத்தில் கமிட்டி கூடியிருந்தது. நானும் பின்னால் போனேன். மாமி கையில் மூக்குவைத்த கிண்டியில் தண்ணீர் இருந்தது.

"மன்னிப்புக் கேக்கியேன். ஒரு காரியம் உண்டு" என்றார். "உங்க பந்தலில வெள்ளம் கொதிக்கணும். யாரும் கையை முக்கப்பிடாது."

செயலாளர் யோசித்தார். பாதித் தொண்டர்கள் பாயில் கிடந்தார்கள், ஊர்வலத்துக்கு ஆள் தேறாது. "அது நாங்க முன்னமே தீர்மானிச்சதாக்கும், சாராளே" என்றார்.

"அப்பம் நல்லது. பானையைக் கமத்தினது தப்பு. எல்லாரும் பொறுக்கணும்."

கைதட்டினீர்கள். தட்டி முடியும்வரை மாமி நின்றார். பிறகு தென்னைமரத்து மூட்டுக்குப் போய், கிண்டியிலிருந்து வாயில் தண்ணீர் விட்டு, நன்றாகக் கொப்பளித்து, துப்பினார். மறுபடியும் கொப்பளித்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "கேடான சொல்லு, கழுவினாப் போவும். நாளைக்குக் கஞ்சி உண்டு, வாருங்க. கையைக் கழுவிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுவாரம் கடைச்சுவரில் மலையாள நோட்டீஸ் இல்லை. அதே வாக்கியங்கள் தமிழில், அடியில் செயலாளர் பெயரோடு ஒட்டப்பட்டிருந்தன. மாமி அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, "பேரை யாரு வச்சா என்ன, ஈ ஓடினாப் போரும்" என்றார். அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. இரங்கல் கூட்டத்தில் அதே செயலாளர், "கமிட்டியின் சுகாதாரத் தீர்மானத்தைச் சிரமேற்கொண்டு நிறைவேற்றிய எளிய தொண்டர் சாராள்" என்றார். என் அப்பா கைதட்டினார். எந்தக் கை சில்லிட்டுக் கிடந்ததோ அந்தக் கை.

கூட்டத்தின் முடிவில் ஒரு தீர்மானம் போட்டீர்கள். மாமியின் கடையைக் கமிட்டி அலுவலகமாக்கி, உள்ளே அவர் படத்தை மாலை போட்டு மாட்டுவதாக. அம்பூரித் தம்பி வந்திருந்தார். அவர் கமிட்டிக்குப் பதில் சொல்லாமல் என்னைத் தனியே கூப்பிட்டு, "எட்டி மக்கா, அக்காவுக்க கூட நின்னவ நீயாக்கும். நீ சொல்லு, குடுக்கட்டா?" என்று கேட்டார். "கடையாட்டே இருக்கட்டும். நானும் அம்மையும் நடத்துவோம்" என்றேன். அவர் மடியிலிருந்து சாவியை எடுத்துத் தந்தார். உங்கள் மாலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கடை மட்டும் இல்லை. கூச்சத்தால் நான் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எதிரே வருகிறவரின் கைதான் எனக்குத் தெரியும். அந்தக் கையைத் தயவு இல்லாமல் பார்க்க மாமியிடம் பழகிக்கொண்டேன். நகத்தைப் பார்த்தால் எனக்கு ஆள் தெரியும். இனி நீங்கள் எவ்வளவு பெரிய பேச்சுப் பேசிக்கொண்டு வந்தாலும் நான் கேட்கப்போவதில்லை, கையைத்தான் பார்ப்பேன்.

நாலு நல்ல வார்த்தை எழுதித் தா என்று வாசகசாலைக்காரர் கேட்டதால் இதை எழுதினேன். கையெழுத்துப் பத்திரிகை, பிரதி ஒன்றுதான். உங்கள் எல்லார் கைக்கும் போய் வரும். ஒவ்வொரு பக்கத்தையும் விரலை நாக்கில் தொட்டுத்தான் புரட்டியிருப்பீர்கள், உங்களுக்கு முன்னால் படித்தவரைப் போலவே. எழுந்துபோய்க் கை கழுவுங்கள்.