வாய்க்காலுக்குக் காவலாக நான் வைத்த பிள்ளையார்

மனைப்பிரிவுக்கு லேஅவுட் படம் போடுவது என் தொழில். ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்துவிட்டு, சிதம்பரத்தில் ஒரு பிளான் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ரூல் எல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். ரூலில் வராத தப்பு ஒன்று நான் செய்தேன். அதை எழுதுகிறேன்.

1. சைட்டுக்குப் போன நாள்

கீரப்பாளையம் பக்கம் ஆறு ஏக்கர் நஞ்சை. மனை போடுகிற முதலாளியும் நானும் வரப்பில் நடந்தோம். மேற்கிலிருந்து ஒரு வாய்க்கால் நிலத்தின் குறுக்கே வந்து, ஈசானிய மூலை வழியாகப் பெரிய வடிகாலில் விழுந்தது. ஊர்க்காரர்களே எப்போதோ வெட்டிக்கொண்ட வாய்க்கால். சர்வே ஸ்கெட்சில் அது இல்லை.

"ஸ்கெட்ச்லயே இல்லியே மச்சான். மூடிட்டா எட்டு மனை ஜாஸ்தி வரும்" என்றார் முதலாளி.

மேற்கு வயல் அஞ்சலையுடையது. ஒன்றரை ஏக்கர். களை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நல்லா மூடுவீங்க. என் வயலு வடியறதுக்கு இது ஒண்ணுதான் வழி. அப்புறம் நான் இன்னா, வயல்ல மீனா புடிக்கிறது?"

முதலாளியே சிரித்துவிட்டார். நான் சொன்னேன்: "மூட வுட மாட்டேம்மா. படத்துலயே போட்டுடறேன்."

"வார்த்த மாறக் கூடாதுண்ணே" என்றார் அஞ்சலை.

2. படம் போட்டது

பத்தில் ஒரு பங்கு திறந்தவெளி விட வேண்டும். மனை போட்டு மிஞ்சுகிற கோணல் துண்டில் 'பூங்கா' என்று எழுதிவிடுவதுதான் எங்கள் வழக்கம். நான் மாற்றிப் போட்டேன். முதலில் வாய்க்கால், அதன் இரண்டு கரையிலும் பூங்கா, அப்புறம் ரோடு, கடைசியில் மனைகள். மனைகளைக் கொஞ்சம் சிறிதாக்கினேன். எண்ணிக்கை அதிகம் குறையவில்லை. முதலாளியும் ஒத்துக்கொண்டார்.

ஆனால் எனக்குப் பயம் போகவில்லை. பூங்காவுக்கு விட்ட இடத்தில் முதலில் மாடு கட்டுவார்கள், அப்புறம் கொட்டகை வரும், அப்புறம் சுவர் வரும். எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதனால் நானே ஒரு யோசனை சொன்னேன். வாய்க்கால் வெளியே போகிற ஈசானிய மூலையில் சின்ன மேடை கட்டி ஒரு பிள்ளையாரை வைத்துவிடலாம். சாமி இருக்கிற இடத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

"பொழைக்கத் தெரிஞ்ச ஆளுய்யா நீ. கோயில் கீதுன்னா மனை சூடா போவும்" என்றார் முதலாளி.

அவர் வியாபாரத்துக்குச் சொன்னார். நான் மனசாரச் சொன்னேன். படத்தில் அதைக் காட்டவில்லை. நேரில் போய், கரையில் சுண்ணாம்பு போட்டு இடம் குறித்துக் கொடுத்தேன்.

3. கும்பாபிஷேகம்

வீடுகள் வந்தன. நான் நினைத்தபடியே பூங்காவை யாரும் வளைக்கவில்லை. மேடைதான் வளர்ந்தது. கருவறை வந்தது, முன்னால் மண்டபம் வந்தது. சுற்றிவர இடம் போதவில்லை என்று வாய்க்காலில் ஒரு குழாயைப் போட்டு மேலே மண்ணைக் கொட்டி, சுவரும் எடுத்துவிட்டார்கள்.

கும்பாபிஷேகத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். யாகசாலை பூஜை தொடங்குகிற நாளிலேயே போய்விட்டேன். குழாயைக் குனிந்து பார்த்தேன். குடம் நுழையாத குழாய். அந்த வாய்க்கால் தண்ணீரை அது எப்படித் தாங்கும்? சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாலை போட்டு, "இடம் காமிச்ச புண்ணியவான் இவுருதான்" என்று எல்லோரிடமும் காட்டினார்கள். சாமி காரியத்தில் குறுக்கே பேசலாமா என்று விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு வந்துவிட்டேன்.

4. மழை

அந்த ஐப்பசியில் அஞ்சலை போன் செய்தார். "அண்ணே, குழா அடச்சிகிச்சி. நட்டு இருவது நாளு ஆவுது, பயிரு தலையே தெரியல."

ஓடினேன். வயல் ஏரியாகக் கிடந்தது. மூங்கில் விட்டுக் குத்தினோம். கொஞ்சம் வடிந்து மறுபடி அடைத்துக்கொண்டது. சுவரைக் கொஞ்சம் இடித்துக் குழாயைத் தோண்டி எடுத்துவிடலாம் என்றேன். கோயில் கமிட்டிச் செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

"கும்பாபிஷேகம் பண்ண செவுத்த இடிக்கச் சொல்றீங்களா மாமா? எடம் குறிச்சதே நீங்கதானே?"

மறுபடி மூங்கிலைத்தான் எடுத்தேன். பயிர் அழுகியது. அடுத்த வருஷமும் அப்படியே ஆனது. "ஆளுங்கன்னா சண்ட போடுவேன். சாமிகிட்ட இன்னாண்ணே சண்ட போடறது?" என்றார் அஞ்சலை.

5. கடைசிப் படம்

நான் ஓய்வு பெறுவதற்கு முன்பு கடைசியாக வந்த லேஅவுட் அஞ்சலையின் ஒன்றரை ஏக்கர். பயிர் போய்ப் போய் அலுத்து, அவரே மனை போட விலை பேசிவிட்டார்; பத்திரம் இன்னும் அவர் பேரில்தான் இருந்தது. இந்தத் தடவையும் வாய்க்காலைத்தான் முதலில் வரைந்தேன். கையெழுத்துப் போட ஆபீசுக்கு வந்த அஞ்சலை படத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நீலக் கோடு எங்கண்ணே போவுது?"

"கோயில் செவுரு வரைக்கும் போவுதும்மா."

அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பிள்ளையாரை இன்றும் கும்பிடுகிறேன். அவர் மேல் குற்றம் இல்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் வாய்க்காலைத் தனியாக அளந்து, இரண்டு பக்கமும் கல் நட்டு, தானப்பத்திரத்தில் வாய்க்கால் என்றே எழுதிப் பஞ்சாயத்துக்குக் கொடுங்கள். அதன் கரையில் எதற்கும் இடம் குறிக்காதீர்கள். வேலை முடிந்த பிறகும் மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். தப்பு கண்ணில் பட்டால், யாருடைய காரியமாக இருந்தாலும் அங்கேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அன்று, கும்பாபிஷேகம் ஆவதற்கு முன்பே நான் சொல்லியிருந்தால் கொஞ்சம் பெரிய குழாயாக மாற்றிப் போட்டிருப்பார்கள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.