கோட்டைச் சுவரில் ஒரு பிடி சாதம்

கடலோரத்துப் பழைய கோட்டையைப் புதுப்பித்து, டிக்கெட் வைத்துத் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், போயே தீருவேன் என்று பம்பாயில் எங்கள் மாட்டுங்கா வீட்டில் ஒற்றைக் காலில் நின்றவள் அத்தை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அடம் பிடிப்பது என் இலாகா. அதை அத்தை பறித்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அத்தை அப்பாவின் தங்கை. அத்திம்பேர் யுத்த சமயத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, அந்தக் கோட்டையில்தான் பீரங்கிக் காவலில் இருந்தாராம். அங்கிருந்து கப்பலேறிப் போனவரைக் காணவில்லை என்று ஒரு தந்தி வந்ததோடு சரி. 'வருவார்' என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் அத்தை பூவும் குங்குமமுமாக எங்களோடேயே இருந்தாள்.

"இப்ப எதுக்கு அங்கே?" என்றார் அப்பா.

"இருபது வருஷமா நீ சொன்னதைக் கேட்டாச்சு அண்ணா. இன்னிக்கு நான் போயிட்டு வரேன்."

துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

கோட்டை என்றால் அகழியும் முதலையும் இருக்கும் என்று நம்பிப் போன எனக்கு ஏமாற்றம். புல்தரை, பச்சைப் பெயிண்ட் அடித்த பெஞ்சு, பீரங்கிமேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள், வாசலில் பேல்பூரி. அத்தை எதையும் பார்க்கவில்லை. நேரே கடல் பக்கத்து மதிலுக்குப் போனாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து, ஒரு பிடி சாதத்தை எடுத்துச் சுவர்மேல் வைத்தாள். அம்மா தினமும் காக்காய்க்கு வைத்த பிறகுதான் எங்களுக்குத் தட்டுப் போடுவாள். அதனால் எனக்கு ஆச்சரியமில்லை. இதில் கறுப்பு எள் கலந்திருந்தது. சனிக்கிழமை எள்ளுச் சாதம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பேல்பூரிக்குப் பழகிய காக்காய்கள் ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. காவல்காரர்தான் வந்தார்.

"ஏ பாயி, இதர் கானா மத் ரக்கோ!"

இங்கே சாப்பாடு வைக்கக் கூடாதாம், புதுச் சுவர் பாழாகிறதாம். வீட்டில் குரலே உயர்த்தாத அத்தை, சாதத்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். "ஏக் கௌவா ஆயேகா, காயேகா. தப் மை ஜாயேகா" என்றாள். ஒரு காக்காய் வந்து தின்ற பிறகுதான் போவாளாம். அத்தையின் ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் கிடையாது. ஆனால் அந்தக் குரலைக் கேட்ட காவல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நிழலுக்குப் போய்விட்டார்.

வெயில் ஏறியது. எனக்கோ அகோரப் பசி. காக்காய் தின்றால்தான் நமக்குச் சாப்பாடு என்று கணக்குப் போட்டு, தொண்டை கிழியக் 'கா கா' என்று கத்தினேன். கடைசியில் ஒன்று வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்துவிட்டு, சாதத்தைக் கொத்தியது.

"அத்தை, சாப்டுடுத்து!" என்று குதித்தேன். காவல்காரர்கூடச் சிரித்தார். அத்தை மட்டும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"குங்குமம் அழிஞ்சுடுத்து அத்தை" என்றேன் பஸ்ஸில்.

"தெரியும்டி."

வீட்டுக்கு வந்ததும் முதல் ஆளாக அப்பாவிடம் ஓடினேன். "நான் கூப்பிட்டுத்தான்பா காக்கா வந்தது!" என்றேன். அப்பா அத்தையின் நெற்றியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். அவ்வளவு கத்திக் கூப்பிட்ட என்னை ஏன் ஒருவர்கூடப் பாராட்டவில்லை என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.