அடைக்கக் கூடாத ஓட்டை

அணைக்கட்டின் வயிற்றுக்குள் ஒரு நடைபாதை உண்டு என்பது அந்த வேலைக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. எட்டு வருடம் சிங்கப்பூர்க் கட்டடங்களின் நிலத்தடிக் கார் நிறுத்துமிடங்களில் கசிவு அடைத்தவன் நான். விடியுமுன் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் பாலத்து நெரிசலில் மோட்டார் ஓட்டி முதுகு போயிருந்தது. ஜொகூரிலேயே வேலை என்று மச்சான் கூப்பிட்டதும் துள்ளிக்கொண்டு போனேன். மச்சான் என் மனைவியின் அண்ணன். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வேலை போய், ஒரு வருடம் அலைந்து, இந்தக் கம்பெனியில் சேர்ந்தவர். இன்னும் மூன்று வாரம் தள்ளினால் அவர் வேலை நிரந்தரம்.

காலையில் நாங்கள் உள்ளே போனதும் காவலர் இரும்புக் கம்பிக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுவார். சாப்பாட்டுக்குத்தான் திறப்பார். அவசரத்துக்கு ஒரு ரேடியோ. இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். சுவருக்கு அப்பால் ஏரி மொத்தமும் நின்றது. முதல் வாரம் முழுக்க மூச்சு முட்டியது. சொல்ல வெட்கம், அதனால் எரிந்து எரிந்து விழுந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பாள் மனைவி. பயம் வந்தால்தான் நான் கோபப்படுகிறேன் என்பது அங்கேதான் எனக்கே புரிந்தது.

அணைச் சுவரில் கசியும் வெடிப்புகளை அடைப்பதுதான் எங்கள் வேலை. வெடிப்பின் இரு பக்கமும் மச்சான் சாய்வாக ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் நிப்பிள் என்கிற சின்ன இரும்பு மூக்கைச் செருகி முடுக்குவார். நான் பம்ப் வைத்து அதன் வழியே ரெசின் என்கிற பிசினை ஏற்றுவேன். தண்ணீர் பட்டதும் அது நுரைத்துப் பொங்கி வெடிப்புக்குள் இறுகிவிடும். போட்ட ஓட்டைகளுக்கு அன்றாடம் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது மச்சான்.

ஒரு நாள் நாங்கள் அடைத்த சுவர் காய்ந்துவிட்டது. தரையோரம் ஒரு பழைய குழாய் வாய் மட்டும் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கை அரித்தது.

"மாப்பிள்ள, அது நம்ம போட்ட ஓட்டை இல்ல. விட்டுருங்க லா. இஞ்சினியர் வந்தா கேட்டுக்கலாம்."

"தண்ணி வந்தா அடைக்கணும் மச்சான், அதானே நம்ம வேலை! கேட்டுக்கிட்டே இருந்தா எப்ப வெளிய போறது?"

டிரில் பிட் எடுக்க அவர் மறுகோடிக்குப் போன நேரத்தில், பெரிய நிப்பிளைத் துணி சுற்றி அந்த வாயில் இறுக்கி ரெசினை ஏற்றினேன். கொட்டியது நின்றது. திரும்பி வந்தவரிடம், "பாத்தீங்களா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு டிரில்லில் பிட்டை மாட்டினார்.

சாப்பிட்டு வந்து, கதவு மறுபடி பூட்டி அரை மணி நேரம் இருக்கும். முந்தின நாள் நாங்கள் அடைத்த வெடிப்பிலிருந்து நிப்பிள்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. தண்ணீர் முகத்தில் அறைந்தது. நான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன். மச்சான்தான் ரேடியோவில் நிதானமாக விவரம் சொன்னார். சாவி வரும்வரை அந்தக் கம்பிகளை விட்டு என் கை வரவில்லை.

காவலரோடு வந்த இஞ்சினியர் இளவயது மலாய்ப் பெண். பீய்ச்சும் வெடிப்பைப் பார்த்தார், உடனே தரையில் குனிந்து தேடினார். அந்தக் குழாய் கசிவே இல்லையாம். கான்கிரீட்டுக்குள் சேரும் நீரின் அழுத்தம் குறைவதற்கென்று அணை கட்டும்போதே வைத்த வடிகாலாம். அதை அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடாமல் என்ன செய்யும்? கட்டடத்துக் கசிவில் ஊறிய கைதான் இந்தத் தப்பைச் செய்யும். யார் அடைத்தது என்று மலாயில் கேட்டார். கேட்டது மச்சானை, ஓட்டைக்குக் கையெழுத்து அவருடையது என்பதால்.

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். தங்கை வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். நானாகச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் காத்திருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது, காற்றும் வந்தது. என் வாயில்தான் கொழுக்கட்டை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் இஞ்சினியர் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டார். மறுநாளிலிருந்து அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அடைத்த வடிகாலைத் துளைத்துத் திறக்கும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள்.

அன்று மாலை தம்போயில் இருக்கும் எங்கள் வீட்டில் மனைவி அண்ணனோடு போனில் பேசிவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. எனக்குச் சோறு போட்டாள்.

"யாரையும் கேக்காம அண்ணன் ஏன் இப்படிப் பண்ணுச்சு? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்," என்றேன். "அவருதான் கேக்கல."